பழைய ஃபோட்டோவை மெதுவா சூம் பண்ணா நடுங்குது, அம்மாயிக்குத் தலை சுத்துது, டாவின்சில எப்படி சரி பண்றது?

கன்னங்குறிச்சி பேத்தி:

வணக்கம்ங்க எல்லாருக்கும். வர்ற மாசம் எங்க அம்மாயிக்கு (அம்மாவோட அம்மா) 80 முடியுது, சொந்தபந்தம் எல்லாம் ஒரு நாள் வீட்டுக்கு வர்றாங்க, அன்னைக்கு ஹால் டிவில போடறதுக்கு 12 நிமிஷத்துல ஒரு வீடியோ பண்ணலாம்னு உக்காந்தேன். முழுக்க ஃபோட்டோதான், வீடியோனு அந்தக் காலத்துல எங்க வீட்ல யாரும் எடுக்கல. மொத்தம் 71 ஃபோட்டோ தேறுச்சு. அப்புச்சி (அம்மாவோட அப்பா) ஏற்காட்ல ஒரு காபி எஸ்டேட்ல கணக்கு எழுதற ரைட்டரா இருந்தாங்க, அதனால பாதிக்கு மேல மலைல எடுத்தது, களத்துல காபிப் பழம் காயப்போட்டது, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனது, சில்வர் ஓக் மரத்துக்கு முன்னாடி எஸ்டேட் ஆளுங்க நாப்பது அம்பது பேரு வரிசையா நின்னு எடுத்த ஒரு பெரிய க்ரூப் ஃபோட்டோ. அப்புச்சி இப்ப இல்ல, அதனால இந்த ஃபோட்டோ எல்லாம் எனக்கு ரொம்ப முக்கியம்.

டாவின்சி ரிசால்வ்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர் ஃப்ரீ வெர்ஷன்ல பண்றேன், 8 ஜிபி ரேம் லேப்டாப். முதல்ல எல்லா ஃபோட்டோவுக்கும் ஒரே மாதிரி சூம் காப்பி பேஸ்ட் பண்ணி ஒரு தடவை ரெண்டர் எடுத்து (வீடியோ ஃபைலா மாத்தி) அம்மாயிகிட்ட போட்டுக் காட்டுனேன். ரெண்டு கண்ணுலயும் புரை ஆபரேஷன் பண்ணவங்க, ஆனா நல்லாத்தான் தெரியும். மூணு நிமிஷம் கூட ஆகல, "கண்ணு எனக்கு தலை கிறுகிறுங்குது, கொஞ்சம் நிறுத்து சாமி"னு கண்ணை மூடிக்கிட்டாங்க. மனசே ஒரு மாதிரி ஆயிருச்சு.

அப்புறம் நானே ஒவ்வொன்னா சூமும் பொசிஷனும் கீஃப்ரேம் (எந்த நேரத்துல எந்த அளவு, எந்த இடம்னு குறிக்கற புள்ளி) வெச்சுப் பார்த்தேன். இப்ப மூணு பிரச்சனை. மெதுவா சூம் பண்ணா படம் லேசா நடுங்குது, முக்கியமா அந்த சில்வர் ஓக் ஃபோட்டோல மரம் எல்லாம் மினுமினுங்குது. அப்புச்சி முகத்துக்கு சூம் போனா நேரா போகாம முகம் ஒரு பக்கம் ஒதுங்கிப் போயிட்டு திரும்ப வருது. கிட்டப் போனா சில ஃபோட்டோ மங்கலாயிருது. எங்க தப்பு பண்றேன்னு யாராச்சும் சொல்லுங்க, இன்னும் மூணு வாரம் இருக்கு.

அஞ்சுரோடு எடிட்டர்:

கல்யாண வீடியோ எடிட்டிங் 14 வருஷமா பண்றேன்மா, ஸ்டில்லை ஓட விடறது தினம் செய்யற வேலைதான். ஒவ்வொன்னா வரேன்.

முதல்ல நடுக்கத்தை எதுல பாத்தீங்க, டைம்லைன்ல ப்ளே பண்ணும்போதா இல்ல ரெண்டர் எடுத்த ஃபைல்லயா? 8 ஜிபி ரேம்ல பெரிய ஸ்கேனைப் போட்டா ரிசால்வ் திணறும், ஃப்ரேமை விட்டு விட்டுக் காட்டும், அது நிஜ நடுக்கமே இல்ல. ப்ளேபேக் மெனுல ரெண்டர் கேஷை (படத்தை முன்கூட்டியே தயார் பண்ணி வெச்சுக்கறது) ஸ்மார்ட்ல வெச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா விட்டுருங்க, டைம்லைனுக்கு மேல சிவப்புக் கோடு நீலமா மாறும், மாறினதுக்கு அப்புறம் ப்ளே பண்ணுங்க. அப்பவும் நடுங்குனாத்தான் அதைப் பத்திப் பேசணும்.

முகம் ஒதுங்கறது ஏன்னா சூமுக்கு ஒரு வேகம், பொசிஷனுக்கு ஒரு வேகம் ஓடுது. ஒன்னுல ஈஸ் (மெதுவா கிளம்பி மெதுவா நிக்கறது) வெச்சிருப்பீங்க, இன்னொன்னுல வெச்சிருக்க மாட்டீங்க. சூம் ஆரம்பத்துல தூங்கி நடுவுல ஓடுது, பொசிஷன் மாடு மாதிரி ஒரே நடை போடுது, ரெண்டும் ஒன்னு சேராதப்ப முகம் வெளிய போயிட்டுத்தான் வரும். இதுக்கு ரெண்டு வழி. ஒன்னு, ஆங்கர் பாயின்டை (எந்தப் புள்ளியைச் சுத்தி சூம் ஆகுதோ அதை) முகத்து மேலயே வெச்சுட்டு சூமை மட்டும் கீஃப்ரேம் பண்றது, அப்ப முகம் இருந்த இடத்துலயே இருக்கும், சுத்தி இருக்கறது விலகும். இன்னொன்னு இதை விட சுலபம், கீஃப்ரேமை எல்லாம் அழிச்சுட்டு இன்ஸ்பெக்டர்ல டைனமிக் சூம் ஆன் பண்ணுங்க, வியூவர் கீழ இடது பக்கம் இருக்கற பட்டன்ல டைனமிக் சூம்னு மாத்துனா படத்து மேல ரெண்டு கட்டம் வரும். பச்சை ஆரம்பம், சிவப்பு முடிவு. ரெண்டையும் இழுத்து வெக்க வேண்டிய இடத்துல வெச்சுட்டா போதும், நடுவுல அதுவே போய்க்கும். ஈஸ்ல ஈஸ் இன் அண்ட் அவுட் வைங்க. வெளிய வரணும்னா ஸ்வாப் அமுக்குனா பச்சையும் சிவப்பும் இடம் மாறிக்கும்.

தலை சுத்தலுக்கு: உள்ள போறது, வெளிய வர்றது, உள்ள போறது, வெளிய வர்றதுன்னு மாத்தி மாத்திப் போட்டுருப்பீங்கன்னு நினைக்கிறேன். எல்லாரும் முதல்ல அதைத்தான் பண்ணுவாங்க, நானும் பண்ணிருக்கேன். உக்காந்த இடத்துல உடம்பு அசையாம இருக்கு, கண்ணு முன்னாடி இருக்கறது முழுக்க முன்னும் பின்னும் போகுது, வயசானவங்களுக்கு அது ஊஞ்சல்ல உக்காந்த மாதிரி இருக்கும். ஒரு ஃபோட்டோ 10 செகண்ட் ஓடுதுன்னா மொத்தம் 12லருந்து 15 சதவீதத்துக்கு மேல சூம் போகாதீங்க. ஸ்க்ரீனைப் பாத்து "அசையுதா இல்லையா"ன்னு சந்தேகம் வரணும், அந்த அளவு போதும்.

ஃப்ளாட்பெட்:

மங்கல் விஷயம் நான் சொல்றேன். ஸ்கேன் எத்தனை டிபிஐல (ஒரு இஞ்சுக்கு எத்தனை புள்ளி) எடுத்தீங்க? அல்லது ஃபோன்ல எடுத்து வாட்ஸப்ல வந்ததா? வாட்ஸப்ல ஃபோட்டோவா வந்திருந்தா அது சுருக்கித்தான் அனுப்பிருக்கும், அனுப்புனவங்ககிட்ட டாக்குமெண்டா திரும்ப அனுப்பச் சொல்லுங்க.

கணக்கு ஒன்னும் பெருசில்ல. உங்க வீடியோ 1920 பிக்சல் அகலம். ஒன்றரை மடங்கு கிட்டப் போகணும்னா ஃபோட்டோ 2880 பிக்சல் இருக்கணும், ரெண்டு மடங்குன்னா 3840. 6க்கு 4 இஞ்ச் ஃபோட்டோவை 300 டிபிஐல ஸ்கேன் பண்ணா அகலம் 1800தான், முழுசா காட்டறதுக்கே பத்தாது, கிட்டப் போனா மங்கத்தான் செய்யும். 600ல எடுத்தா 3600, தாராளம். ஆனா பழைய பாக்ஸ் கேமரா ஃபோட்டோ இருக்கும் பாருங்க, 120 ஃபிலிம்ல எடுத்து அதே சைஸ்ல பிரிண்ட் போட்டது, 6 சென்டிமீட்டருக்கு 6 சென்டிமீட்டர், அதை 600ல எடுத்தா 1400 சொச்சம்தான் வரும். அதுக்கு 1200 வைங்க. அப்பதான் 2800 வரும். ஃபோட்டோ சின்னதா ஆக ஆக டிபிஐ கூடணும், கடைல குடுத்தா எல்லாத்துக்கும் ஒரே செட்டிங்ல தள்ளிருவாங்க, கூடவே நின்னு சொல்லி வாங்குங்க.

கருப்பு வெள்ளை ஃபோட்டோவையும் கலர் மோட்லயே ஸ்கேன் பண்ணுங்க. காலம் ஆகி வந்த அந்தப் பழுப்பு அழகு, க்ரே மோட்ல போட்டா செத்துப் போயிரும். ஃப்ரேம் கண்ணாடில ஒட்டிக்கிட்ட ஃபோட்டோ இருந்தா தயவு செஞ்சு பிய்க்காதீங்க, முகம் கண்ணாடியோட போயிரும், கண்ணாடியோடயே வெச்சு ஸ்கேன் பண்ணுங்க. ஒரு வீட்ல கல்யாண ஃபோட்டோவை அப்படிப் பிரிச்சுட்டு பொண்ணு முகம் இல்லாம எடுத்துக்கிட்டு வந்தாங்க, அன்னைக்கு எனக்கு வேலையே ஓடல.

சொரசொரன்னு பட்டுத் துணி மாதிரி மேடு பள்ளம் இருக்கற பேப்பர்ல 80ஸ் 90ஸ் ஃபோட்டோ நிறைய இருக்கும். ஸ்கேனர் லைட் ஒரு பக்கமா விழறதால அந்த மேடெல்லாம் புள்ளி புள்ளியா வரும், சூம் பண்ணா அந்தப் புள்ளிதான் முதல்ல கண்ணுக்குத் தெரியும். அதை ஒரு தடவை நேரா, ஒரு தடவை தலைகீழா ஸ்கேன் பண்ணி, திருப்பி ஒன்னு மேல ஒன்னு பொருத்தி மேல இருக்கறதை பாதி ஒப்பாசிட்டி (பாதி ஊடுருவித் தெரியற மாதிரி) வெச்சா பெரும்பாலும் அடங்கிரும்.

ஓமலூர் லினக்ஸ்:

நான் கேடன்லைவ்ங்கற வேற எடிட்டிங் சாஃப்ட்வேர் ஆளு, ஆனா நடுக்கம் எந்த சாஃப்ட்வேர்லயும் ஒரே கதைதான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 10 செகண்ட்ல படம் 60 பிக்சல் நகருதுன்னு வைங்க, செகண்டுக்கு 30 ஃப்ரேம் ஓடற டைம்லைன்ல மொத்தம் 300 ஃப்ரேம், அப்ப ஒரு ஃப்ரேமுக்கு 0.2 பிக்சல். சாஃப்ட்வேர் பின்னத்தை மதிச்சு நகத்துனா பரவால்ல, முழு பிக்சலாத்தான் நகத்துவேன்னு அடம் பிடிச்சா என்ன ஆகும், நாலு ஃப்ரேம் சும்மா நிக்கும், அஞ்சாவதுல ஒரு பிக்சல் குதிக்கும், திரும்ப நிக்கும். அதுதான் நடுக்கம். எஃப்எஃப்எம்பெக்ங்கற வீடியோ டூல்ல சூம்பேன் ஃபில்டர் போட்டவங்க எல்லாரும் இதை அனுபவிச்சிருப்பாங்க, அங்க படத்தை முதல்ல 8000 பிக்சல் அகலத்துக்குப் பெருசாக்கிட்டு அப்புறம் சூம் பண்ணுவோம், குதிக்கற பிக்சல் அவ்வளவு சின்னதாயிட்டா கண்ணுக்குத் தெரியாது. ரிசால்வ் பின்னத்தை ஒழுங்கா கையாளும், அதனால உங்களோடது இது இல்லன்னுதான் தோணுது.

உங்களோடது ரெண்டு விஷயமா இருக்கலாம். ஒன்னு மினுமினுப்பு. ரொம்பப் பெரிய ஸ்கேனை 1080க்கு சுருக்கிக் காட்டும்போது மெல்லிசு கோடெல்லாம் ஒரு ஃப்ரேம்ல தெரிஞ்சு அடுத்த ஃப்ரேம்ல காணாம போகும். இலை, ஓட்டுக் கூரை, சேலைக் கரை, உங்க சில்வர் ஓக் பட்டை, அதுல ஏறிருக்கற மிளகுக்கொடி எல்லாம் இந்த ஜாதி. அந்த ஃபோட்டோவை எவ்வளவு பெருசு வேணுமோ அந்த அளவுக்கு, 3840 போதும்னா 3840க்கு, தனியா ஒரு காப்பி சுருக்கி அதைப் போடுங்க. ரிசால்வ்ல ரீசைஸ் ஃபில்டர்னு ஒன்னு இருக்கு, ஷார்ப்பர்ல இருந்தா ஸ்மூதர்னு மாத்திப் பாருங்க. அதுக்கும் அடங்கலன்னா துளியூண்டு ப்ளர், கண்ணுக்கே தெரியாத அளவு.

ரெண்டாவது ஃப்ரேம் ரேட். உங்க டைம்லைன் 24லயோ 25லயோ இருக்கா? டிவி பேனல் பெரும்பாலும் செகண்டுக்கு 60 தடவை புதுப்பிக்கும், 25ஐ 60க்குள்ள சமமா பிரிக்க முடியாது, சில ஃப்ரேம் ரெண்டு தடவை நிக்கும் சிலது மூணு தடவை நிக்கும், பக்கவாட்டுல போற பேன்ல அது நல்லாவே தெரியும். வீடியோவா இருந்தா எடுத்த ரேட்டை மாத்த முடியாது, உங்ககிட்ட இருக்கறதெல்லாம் ஸ்டில், ஸ்டில்லுக்கு ஏது ரேட்? அதனால தைரியமா 60ல டைம்லைன் போடுங்க. ஏற்கனவே பண்ண ப்ராஜெக்ட்ல ரேட் மாத்த விடாது, புது டைம்லைன் போடும்போது யூஸ் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்ங்கற டிக்கை எடுத்துட்டா ஃபார்மட்ல கேக்கும், அங்க 60 குடுங்க. ஃப்ரீ வெர்ஷன்லயே 60 வரைக்கும் போகும்.

நெட்டுக்க நிக்கற மரம் குறுக்க பேன் பண்ணும்போது கம்பி வேலி ஓடற மாதிரி வெட்டி வெட்டித் தெரியறது தனி. அது பேன் வேகத்தால. அதை 60 ஃப்ரேம் பாதி சரி பண்ணும், மீதிக்கு வேகத்தைக் குறைக்கணும்.

கன்னங்குறிச்சி பேத்தி:

அண்ணா, எல்லாரும் இவ்வளவு பொறுமையா எழுதிருக்கீங்க, ரொம்ப நன்றி. பாத்தேன், டைம்லைன் 24ல இருந்துச்சு. மரத்து ஃபோட்டோ 1200ல ஸ்கேன் பண்ணது, 9000 சொச்சம் பிக்சல் இருக்கு, சுருக்கிப் போட்டதும் மினுமினுப்பு சுத்தமா போயிருச்சு. டைனமிக் சூமும் நேரா போகுது.

இன்னும் ரெண்டு சந்தேகம். நெட்டு ஃபோட்டோ எல்லாம் என்ன பண்றது? அப்புச்சி சைக்கிளோட ஏற்காடு ரோட்ல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு முன்னாடி நின்னு எடுத்தது ஒன்னு இருக்கு, டிவிக்கு முழுசா நிரப்புனா ஒன்னு தலை போகுது இல்ல சைக்கிள் போகுது. ரெண்டு பக்கமும் அதே படத்தை மங்கலாப் போட்டு நடுவுல வெக்கலாம்னு தம்பி சொல்றான். இன்னொன்னு, அந்த க்ரூப் ஃபோட்டோ. அதுல அப்புச்சி மூணாவது வரிசைல வலது ஓரம் நிக்கறாங்க, அம்மாயி கீழ உக்காந்திருக்கற பொம்பளைங்க வரிசைல இடது பக்கம். யாரை முதல்ல காட்டறதுன்னே தெரியல, நாலு தடவை மாத்திட்டேன்.

அஞ்சுரோடு எடிட்டர்:

நெட்டு ஃபோட்டோ சொல்றேன். 2க்கு 3 அளவுல இருக்கற நெட்டு ஃபோட்டோவை அகல டிவிக்கு நிரப்புனா உயரத்துல எட்டுல மூணு பங்குதான் ஒரு நேரத்துல தெரியும். அதனால நிரப்பிட்டு கீழருந்து மேல மெதுவா ஏறலாம். இந்த ஃபோட்டோவுக்கு அது அருமையா வரும், சைக்கிள் சக்கரம், வேட்டி, அப்புச்சி முகம், அதுக்கு மேல வளைவு, வளைவுல இருக்கற பேரு. 1935ல டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்ச ஸ்டுடியோ, எத்தனையோ படம் உள்ள எடுத்தாங்க, இன்னைக்கு மிச்சமா நிக்கறது அந்த வளைவு மட்டும்தான், அதனால வளைவு முழுசா வர்ற வரைக்கும் போய் நிறுத்துங்க, பாதில வெட்டிராதீங்க. எட்டுல மூணு பங்குல இருந்து முழு உயரம் ஏறணும்னா தூரம் ஜாஸ்தி, 12 செகண்டாவது குடுங்க.

மங்கல் பேக்ரவுண்ட் வேண்டாம்மா. நடுவுல அப்புச்சி நின்னுக்கிட்டு இருக்கும்போது ரெண்டு பக்கமும் அவரு சட்டை பூதம் மாதிரி அசையும், கண்ணு அங்கதான் போகும். ஏற முடியாத ஃபோட்டோன்னா கருப்புல இல்ல பழைய ஆல்பம் அட்டை கலர்ல நடுவுல முழுசா வைங்க, கௌரவமா இருக்கும்.

இன்னொன்னு. கிட்டப் போறதுன்னா ஆரம்பத்துல வேகமாவும் கடைசில மெதுவாவும் தெரியும், எண்ணு ஒரே சீரா ஏறுனா கூட. 100லருந்து 150 போறது ஒன்றரை மடங்கு, 150லருந்து 200 போறது அதே 50தான் ஆனா ஒன்னேகால் சொச்சம் மடங்குதான், கண்ணு மடங்கைத்தான் பாக்கும். அதனாலதான் வெளிய வர்ற சூம் கடைசில ஓடற மாதிரி இருக்கறது. சின்ன சூமுக்கு இது தெரியாது, பெரிய சூம் வெக்கறப்ப ஞாபகம் வைங்க.

க்ரூப் ஃபோட்டோவுக்கு என் கருத்து, முழுசா காட்டிட்டு அப்புச்சிகிட்ட போங்க. ஒரு ஸ்டில்லும் அசையாம நிக்கக் கூடாது, நின்னா சொந்தக்காரங்க ஃபோனைக் கையில எடுத்துருவாங்க, அதை நான் எத்தனையோ மண்டபத்துல பாத்துருக்கேன்.

மலைப்பாதை 20:

எடிட்டர் தம்பி சொன்ன கடைசி வரில மட்டும் எனக்கு உடன்பாடு இல்ல. மத்ததெல்லாம் சரி.

நான் ஊர் வரலாறு, பழைய குடும்பம் இதெல்லாம் சின்னச் சின்னப் படமா பண்றவ, மலைலயே பாதி நாள் இருப்பேன். ஸ்டில்லை அசைக்கறது எதுக்குன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. இதுக்கு எல்லாரும் கென் பர்ன்ஸ்ங்கற ஆவணப்பட இயக்குநர் பேருல கென் பர்ன்ஸ் எஃபெக்ட்னு சொல்றோம், 2003ல ஆப்பிளோட ஐமூவி எடிட்டிங் சாஃப்ட்வேர்ல அந்தப் பேரையே வெச்சுட்டாங்க, அதுல இருந்துதான் பட்டனை அமுக்குனா எல்லா ஃபோட்டோவும் தானா அசையற பழக்கம் வந்துச்சு. ஆனா அந்த மனுஷன் 1990ல அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பத்தி தொடர் எடுத்தப்ப வேற வழி இல்ல, 1861லருந்து 65 வரைக்கும் நடந்த போரு, அன்னைக்கு சினிமா கேமராவே கிடையாது, இருந்தது ஃபோட்டோவும் கடுதாசியும்தான். அதுக்கும் முன்னாடி 1957லயே கனடாவுல தங்கம் தேடிப் போனவங்க ஃபோட்டோவை வெச்சு இதே மாதிரி ஒரு குறும்படம் பண்ணிட்டாங்க, அதைப் பாத்துதான் கத்துக்கிட்டேன்னு அவரே சொல்லிருக்காரு. அப்ப எல்லாம் ஃபோட்டோவை மேசைல விரிச்சு, மேல ஸ்டாண்டுல கேமராவை மாட்டி, மேசையை ஒரு நூலளவு நகத்தி ஒரு ஃப்ரேம், திரும்ப ஒரு நூலளவு நகத்தி ஒரு ஃப்ரேம்னு எடுப்பாங்க. ஒரு நகர்வுக்கு அவ்வளவு பாடு பட்டதால இது எங்க ஆரம்பிச்சு எங்க முடியணும்னு யோசிக்காம யாரும் மேசையில கையே வெக்க மாட்டாங்க.

அதனால கண்ணு, ஒவ்வொரு ஃபோட்டோவுக்கும் முதல்ல சிவப்புக் கட்டத்தை வை. பச்சை அப்புறம். எங்க போய் முடியணும்னு தெரிஞ்சா எங்க ஆரம்பிக்கறதுன்னு தானா வரும். கிட்டப் போறதுன்னா "இவங்களைப் பாரு"ன்னு கையைப் பிடிச்சு இழுக்கற மாதிரி. வெளிய வர்றதுன்னா "இவங்க எங்க நிக்கறாங்க தெரியுமா"ன்னு சொல்ற மாதிரி. ரெண்டும் தோணலையா, அந்த ஃபோட்டோ அசைய வேண்டாம். 71ல ஒரு 25 அசையாம நின்னா ஒன்னும் குறைஞ்சு போகாது. மண்டபத்துல முன்னூறு பேரு பாக்கறது வேற, அம்மாயி தன் வாழ்க்கையைத் தானே பாக்கறது வேற. அவங்க ஃபோனை எடுக்க மாட்டாங்க.

க்ரூப் ஃபோட்டோ. அம்மாயி முகத்துல ஆரம்பி. உக்காந்திருக்கற பொம்பளைங்க வரிசை வழியா மெதுவா வலது பக்கம் போ, ஒவ்வொரு முகமா அவங்களுக்குப் பேரு ஞாபகம் வரட்டும், அந்த வேகத்துல போ, அப்புறம் வலது ஓரத்துல மேல ஏறி அப்புச்சிகிட்ட நில்லு. நாப்பது பேரு நடுவுல ரெண்டு பேரு எவ்வளவு தள்ளி நின்னாங்கங்கறதையே அந்த வழி சொல்லிரும். அப்புறம் ஒரு டிசால்வ் (ஒரு படம் மங்க மங்க அடுத்தது தெளிஞ்சு வர்றது) போட்டு முழு ஃபோட்டோவை அசையாம வை, மரம், களம், பின்னாடி மலை எல்லாம் தெரியட்டும். இதுக்கு டைனமிக் சூம் ஆகாது, அது கிளிப் முழுக்க ஒரே ஓட்டமா ஓடும், நடுவுல நிக்கத் தெரியாது. கீஃப்ரேம்தான் வெக்கணும், சூமை மாத்தாம பொசிஷனை மட்டும் நகத்து, அப்ப முன்னாடி சொன்ன மாதிரி முகம் ஒதுங்கற கோணல் வராது. மொத்தம் 25 செகண்ட் ஆனாலும் ஆகட்டும். யாரும் பேசக் கூடாது, பின்னாடி பாட்டு கூட வேண்டாம், அம்மாயியே பேசுவாங்க.

அஞ்சுரோடு எடிட்டர்:

அக்கா சொன்னதை யோசிச்சேன். அம்மாயிக்காகன்னா அசையாம நிக்கலாம்தான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு விஷயம் விட்டுக்குடுக்க மாட்டேன், டிசால்வ் போட்டா அது முடியற வரைக்கும் நகர்வு நிக்கக் கூடாது. ப்ரேக் போட்டு நின்னதுக்கு அப்புறம் அடுத்த படம் தெளிஞ்சு வந்தா பஸ் நின்னு திரும்ப கிளம்பற மாதிரி இருக்கும். வெறும் கட் பண்ணா ஒன்னேகால் செகண்ட் நின்னுட்டு வெட்டுங்க. ரெண்டையும் கலக்காதீங்க. அக்கா சொன்ன க்ரூப் ஃபோட்டோல அப்புச்சிகிட்ட போய் நிக்கறீங்க இல்ல, அங்க டிசால்வ் வேண்டாம், நின்னு, கட்.

மலைப்பாதை 20:

அது சரிதான் தம்பி. அங்க கட் வை கண்ணு.

கன்னங்குறிச்சி பேத்தி:

பத்து நாள் ஆச்சு, வந்து சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். சின்ன ஃபோட்டோ 19ஐயும் கூடவே நின்னு 1200ல திரும்ப ஸ்கேன் பண்ணேன். 71ஐ 58ஆ குறைச்சேன், அதுல 22 அசையாது. 60 ஃப்ரேம் டைம்லைன். லேப்டாப் திணறுனதுக்கு கேஷ் வெச்சதே போதுமா இருந்துச்சு.

நேத்து ராத்திரி அம்மாயிக்கு க்ரூப் ஃபோட்டோ வரைக்கும் போட்டேன். தலை சுத்துதான்னு கேட்டேன், "எது சுத்துது"ன்னு கேட்டாங்க. முகம் ஒவ்வொன்னா வர வர பேரு சொல்லிக்கிட்டே வந்தாங்க, நான் கேள்விப்படாத பேரெல்லாம், கூடையை மடில வெச்சுக்கிட்டு இருக்கற ஒரு அம்மாவைப் பாத்துட்டு, பேரை மறந்துட்டேனேன்னு நெத்தில தட்டிக்கிட்டாங்க, அதுக்குள்ள படம் அடுத்த ஆளுக்குப் போயிருச்சு. "பின்னாடி போ, பின்னாடி போ"ன்னு ரெண்டு தடவை போடச் சொன்னாங்க, மூணாவது தடவைதான் பேரு வந்துச்சு. அவங்கதான் எங்கம்மா பொறந்தப்ப கூட இருந்து பாத்துக்கிட்டவங்களாம். இதை எங்கம்மாவுக்கே யாரும் சொன்னதில்ல.

அந்த இடத்துல மட்டும் பொசிஷன் கீஃப்ரேம் ரெண்டு சேத்து 6 செகண்ட் நிக்க வெச்சுட்டேன். எல்லா முகத்தையும் பேரோட நோட்ல எழுதிக்கிட்டேன், வீடியோல எழுத்தா போடல, அன்னைக்கு அவங்களே சொல்லட்டும்.

கடைசியா ஒன்னு. டிவில பென்டிரைவ் சொருகி ஓட்டணும், என்ன ஃபார்மட்ல எடுக்கறது?

ஓமலூர் லினக்ஸ்:

எம்பி4, எச்.264, 1080, 60 ஃப்ரேம், ஆடியோ ஏஏசி. பழைய டிவி எச்.265ஐ எடுக்காம போகலாம், ரிஸ்க் வேண்டாம். பென்டிரைவ் ஃபேட்32ல இருந்தா ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது, 12 நிமிஷத்துக்கு 20 எம்பிபிஎஸ் (செகண்டுக்கு 20 மெகாபிட்) வெச்சா கூட 2 ஜிபிக்குள்ள முடிஞ்சுரும், அதனால கவலை இல்ல. ரெண்டு பென்டிரைவ்ல காப்பி பண்ணி, முந்துன நாளே அதே டிவில முழுசா ஒரு தடவை ஓட்டிப் பாத்துருங்க. டிவி பிக்சர் செட்டிங்ல ஓவர்ஸ்கேன் இருந்தா ஆஃப் பண்ணுங்க, நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிரும், உங்க அப்புச்சி வலது ஓரத்துலதான நிக்கறாரு.

கன்னங்குறிச்சி பேத்தி:

ஓவர்ஸ்கேன் ஆன்லதான் இருந்துச்சு அண்ணா. இப்ப ஆஃப் பண்ணிட்டேன், அப்புச்சி தோள் முழுசா தெரியுது.